குதிரைக் களத்துத் தண்ணீர் போகும் வழி

நீ கட்டிய குதிரைக் களத்தில் விழும் மழைத்தண்ணீர் மூன்று மனிதர்கள் படுக்கும் அறைக்குள் போகிறது. யாரோ சொல்லிக் கேட்டதை எழுதவில்லை, மகளே. போன ஞாயிற்றுக்கிழமை நானே காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்துபோய்ப் பார்த்தேன். அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு போனில் கேட்டேன். "மா, லைன் சரியில்ல, அப்புறம் கூப்புடுறேன்" என்றாய். இன்னும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் நீ நியூசிலாந்துக்கு விமானம் ஏறிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால்தான் உனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் நீ காரியத்தை முடிப்பாய். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. குளுவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். வெளிநாடு போகிற மகளுக்குச் சொல்ல வேண்டிய "உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு" எல்லாவற்றையும் சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு உன் அப்பா போனிலேயே சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மிச்சமிருப்பது இரண்டு விஷயம். ஒன்று பெருமை. இன்னொன்று அந்தத் தண்ணீர். பெருமைதான் அதிகம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ கால்நடை டிப்ளோமா முடித்துவிட்டு மெர்சிங் சாலையில் இருக்கும் குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தீபாவளிக்கு மூவாரிலிருந்து உன் பெரிய மாமா வந்திருந்தார். மேசை நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் மேனேஜர் என்பதால் நம் வீட்டு நாற்காலியில் உட்காரும்போதே அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, குதிரைக்குப் பீ அள்றதுக்கா இவ்ளோ படிச்ச?" வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வருவதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். "ஆமா மாமா. குதிர போட்டத நான் அள்ளுறேன். ஒங்க பாஸ் போட்டத நீங்க அள்றீங்க. எனக்குக் கையுறை குடுக்குறாங்க, ஒங்களுக்கு?" உன் அத்தை சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. மரியாதை இல்லாத பிள்ளை என்று பிறகு என்னிடம் புகார் வந்தது. நான் உன்னைக் கண்டிக்கவில்லை. நம் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. தோட்டத்து வேலையிலிருந்து வெளியே வந்த குடும்பம் மறுபடி மண்ணைத் தொட்டால் தீட்டு என்று நினைப்பார்கள். ஏர்கான் அறையில் அடிமையாக இருந்தால் அது முன்னேற்றம். அந்த வியாதி உனக்கு ஒட்டவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் நான் முதல்முறை பண்ணைக்கு வந்தேன். மெர்சிங் பக்கமிருந்து வருகிற மழை உனக்குத் தெரியும். பெய்து ஓயாது, நின்று யோசித்துவிட்டு மறுபடி பெய்யும். உனக்குப் பிடித்த கோழிப் பெரட்டலும் சோறும் கட்டிக்கொண்டு வந்தேன். லாயத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் கேட்டது சத்தம்தான். கொட்டடிக்கு ஒன்றாக அடைத்துப்போட்டிருந்த இளம் குதிரைகள் கதவை உதைக்கிற சத்தம். வயது ஒன்றரைகூட ஆகாத குட்டிகள். ஒன்று கதவின் மேல்கட்டையைக் கடித்துக் கடித்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நின்றது, நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் சில பேர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கால்கள் வீங்கியிருந்தன. டத்தோ, அந்தப் பட்டத்தாலேயே எல்லாரும் கூப்பிடுகிற உன் முதலாளி, குடை பிடிக்க ஓர் ஆளோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். நம் ஆள்தான். பாட்டன் காலத்திலிருந்தே வியாபாரக் குடும்பம், தமிழில்தான் பேசுவார்.

"மழ விடுற வரைக்கும் வெளிய விடக்கூடாதும்மா. ஒவ்வொண்ணும் என்ன வெலைன்னு தெரியுமா? நனைஞ்சு காய்ச்சல் வந்தா யார் பொறுப்பு?" என்றார்.

"குதிர நனைஞ்சா ஒண்ணும் ஆகாது டத்தோ. சேத்துல நின்னாதான் போச்சு. மழ வேற, சேறு வேற" என்றாய் நீ.

"ரெண்டும் ஒண்ணாதானம்மா வருது?"

"நாம சேர்த்து வச்சிருக்கோம். பிரிச்சிடலாம்."

நான் என் சூப்பர்வைசரிடம் ஒருநாள்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. நீ ஒரு குட்டியின் முன்னங்காலைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டினாய். குளம்பின் அடியில் மெத்தென்று இருக்க வேண்டிய இடம் கறுத்து, ஊறி, அழுகல் நாற்றம் அடித்தது. சேற்றில் கொஞ்சநாள், ஈர வைக்கோலில் கொஞ்சநாள் நின்றதன் பலன் என்றாய். வளருகிற எலும்புக்கு நடை வேண்டும், நடக்கத் தரை வேண்டும், அந்தத் தரை கெட்டியாகவும் தண்ணீர் நிற்காமலும் இருக்க வேண்டும். மழை மேலே பெய்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னாய். டத்தோ மூக்கைப் பொத்திக்கொண்டே "பாக்கலாம்" என்றார். நீ அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமும் கேட்டாய். அவர் விருந்தாளிகளோடு வந்தபோது அவர்கள் முன்னாலேயே கேட்டாய். அவர் மனைவி கேரட் கொடுக்க வந்தபோது அவரிடமும் அந்த நாற்றமடிக்கும் குளம்பைத் தூக்கிக் காட்டினாய். கடைசியில் "எடத்தக் காட்டும்மா, தொல்ல தாங்கல" என்று அவரே சொன்னதாக எனக்குப் போன் பண்ணிக் கத்தினாய். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள். நான் திரும்ப இங்கே வருவேன்.

நீ காட்டிய இடம் பழைய பெரட்டுக் களம். அந்தப் பண்ணை ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டுக் களம். அது மேட்டில் இருந்தது, கல்லாக இறுகியிருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதே தோட்டத்து நாற்றுப் பண்ணையில் கொஞ்சகாலம் வேலை பார்த்தவள் நான். அந்தக் களத்தில் மழையில் நின்றிருக்கிறேன். நாங்கள் பிளாஸ்டிக் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்போம், கிராணி ஆபீஸ் தாழ்வாரத்தில் காயாமல் நனையாமல் நின்று பெயர் வாசிப்பார். எங்கள் பாதங்கள் பட்டுப் பட்டு இறுகிய தரை அது என்று யாராவது உருகினால் நம்பாதே. கம்பெனி லாரி திரும்புவதற்காகக் கல் கொட்டி ரோலர் ஓட்டிய தரை. லாரிச் சக்கரம் புதையக் கூடாது என்று போட்டதில் நாங்களும் நின்றோம், அவ்வளவுதான். நீ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் நின்றபோது அதற்குக் கூரை கிடையாது. குதிரை வந்ததும் ஓர் ஓரமாகத் தகரக்கூரை வந்துவிட்டது.

முதலில் நீ ஒரு தப்புப் பண்ணினாய். நம் ஆட்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. செம்பனைக் கொட்டை ஓட்டை, எண்ணெய் ஆலையில் மிஞ்சும் அந்தச் சில்லுகளை, லாரியில் வரவழைத்துக் களம் முழுக்கக் கொட்டினாய். தோட்டத்துப் பாதைகளில் சேற்றுக்கு அதைத்தானே போடுவார்கள். நாமும் சின்ன வயதிலிருந்து அதன்மேல்தான் சைக்கிள் ஓட்டினோம். மலிவு, தண்ணீர் நிற்காது, காலடியில் நறநறவென்று கேட்கும். ஆனால் சைக்கிள் டயரும் செருப்பும் வேறு, லாடம் அடிக்காத குட்டியின் ஊறிப்போன குளம்பு வேறு. உடைந்த ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி. நீ "கோப்பி" என்று கூப்பிடுகிற அந்தக் கறுப்புக் குட்டி ஒருநாள் காலையில் முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. மருத்துவர் வந்து குளம்புக்குள்ளிருந்து ஓட்டுத் துண்டை எடுத்தார், சீழோடு. டத்தோ, ஓட்டைப் பரப்பிய ஆட்களைக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தார். கடல் தாண்டி லொம்போக் தீவிலிருந்து வேலைக்கு வந்த சுபியான்தான் அன்றைக்கு அவர் கையில் மாட்டினான். நீ நடுவில் போய் நின்றாய். "அவர திட்டாதீங்க டத்தோ. ஓட்ட வரவழைச்சது நானு. போடச் சொன்னது நானு. கோப்பி கால் சரியாகுற வரைக்கும் மருந்து கட்டப்போறதும் நான்தான்." அதை சுபியான்தான் எனக்குச் சொன்னான். நீ சொல்லவே இல்லை. படித்தவர்கள் தங்கள் தப்பை வேலைக்காரன் தலையில் கட்டுவதைத்தான் நான் ஃபேக்டரியில் தினமும் பார்க்கிறேன். என் வயிற்றில் பிறந்தது அப்படிப் பண்ணவில்லை என்று கேட்டபோது, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

பிறகு நீ கட்டியதுதான் இன்றைக்கு எல்லாரும் வந்து படம் எடுக்கிற களம். அந்தக் கொட்டை ஓட்டை எல்லாம் வழித்து எடுத்தாய். மழை விட்ட மாதங்களில் தரையைக் கீறி, பெரிய கல், அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் கல்தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்டவைத்தாய். களம் முழுக்க ஒரே பக்கம் மெல்லச் சரியும்படி மட்டம் பிடித்தாய். எந்நேரமும் கெட்டித் தரையில் நின்றால் கால் நோகும், படுக்க மெத்தென்று இடம் வேண்டும் என்று தகரக்கூரைக்குக் கீழே மணல் நிரப்பினாய். தண்ணீர்த் தொட்டியை ஒரு மூலையிலும் புல்லை எதிர்மூலையிலும் வைத்தாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நடக்கட்டும்மா. பக்கத்துல பக்கத்துல வச்சா ஒங்க டிவி முன்னாடி அப்பா உக்காந்திருக்கற மாதிரி அதுங்களும் ஒரே எடத்துல நிக்கும்" என்றாய்.

போன ஞாயிறு அதைத்தான் நான் பார்த்தேன். மழை கொட்டுகிறது. குட்டிகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாலை ஒடுக்கி, அமைதியாக மழையில் நிற்கின்றன. பக்கத்திலேயே கூரை இருந்தும் அவை போகவில்லை. வேண்டும் என்றால் போகலாம் என்று அவற்றுக்குத் தெரியும், அதனாலேயே போகவில்லை. திடீரென்று உன் செம்பட்டைக் குட்டி, ஆற்றிய பால் தேநீர் நிறம் என்று நீ பெயர் வைத்த "தே தாரே", வாலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மற்றவையும் ஓடின. கெட்டித் தரையில் அந்தக் குளம்புகள் விழுந்த சத்தம், சேற்றின் சளக் சத்தம் இல்லை, உறுமி மேளம் மாதிரி அதிர்ந்தது. களத்தில் ஒரு குட்டை இல்லை. நீ கோப்பியின் காலைத் தூக்கிக் காட்டினாய். அடியில் கெட்டியாக, சுத்தமாக, நாற்றமில்லாமல் இருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்தவர்கள் இந்தக் களத்தைப் பார்த்துத்தானே உன்னை வேலைக்குக் கேட்டார்கள்? அங்கே குளிர்காலம்தான் மழைக்காலமாம், அவர்களும் குட்டிகளைச் சேற்றில் நிறுத்திவிட்டுத் தவிக்கிறார்களாம். எங்களைப் பெயர் கூப்பிட்டு மழையில் நிறுத்திய அதே இடத்தில், என் மகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வெள்ளைக்காரன் வந்து நிற்கிறான். வெள்ளைக்காரன் வந்ததால் எனக்குப் பெருமை என்று நினைக்காதே. அவன் வராவிட்டாலும் அந்தக் குளம்பு அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் நான் சும்மா இருக்காமல் ஒன்றைக் கேட்டேன். "இவ்ளோ மழயும் எங்கடி போவுது?" நீ கையை நீட்டி, "அந்தப் பக்கம் லோங்கான்ல விழுந்து கீழ போயிரும்மா" என்றாய். லோங்கான் என்று நீ சொன்ன அந்த வாய்க்கால் களத்தின் ஓரமாக ஓடி, மேட்டின் விளிம்பில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது? ஆட்கள் தங்கும் கொங்சி. பலகையும் தகரமும் அடித்த அந்த ஒற்றை அறைக்குள் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. முன்பு மேட்டில் விழுந்த மழை நாலு பக்கமும் பரவிப் புல்லுக்குள் போனது. நீ மட்டம் பிடித்துச் சரித்த பிறகு, களத்தில் விழுவது மொத்தமும் ஒன்றாகத் திரண்டு அங்கே இறங்குகிறது. சுபியானும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் மெத்தைகளைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு, கட்டில் பலகையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் சிரித்தான். "மக்சிக், குடா டுடோக் ஹோட்டல், காமி டுடோக் கோலாம்" என்றான். அத்தை, குதிரை ஹோட்டலில், நாங்கள் குளத்தில் என்று மலாயில். அவனுடைய கால் விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தன. நீ டத்தோவிடம் தூக்கிக் காட்டிய குளம்பை நான் மறக்கவில்லை. அதே நாற்றம்.

திரும்ப மேலே வந்து உன்னிடம் கேட்டேன். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீயும் படித்துப் பார்.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா."

"டத்தோகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். லோங்கான கொங்சியத் தாண்டி அந்தாண்ட சரிவுக்குக் கொண்டு போவணும்னா விசிட்டர் கார் நிறுத்துற எடத்த வெட்டணும். இப்பதான் கல் பதிச்சிருக்கு, வேணாம்னுட்டாரு."

"எத்தன தடவ சொன்ன?"

நீ கோப்பி பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"குதிரைக்கு எத்தன தடவ சொன்ன?"

நீ கோப்பியின் பிடரியில் சிக்கிய புல்லை எடுக்க ஆரம்பித்தாய். அதில் புல் இல்லை.

நீ கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. உனக்கே தெரியாமல் உனக்குள் நடந்தது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். குதிரைக்காகப் பேசினால் நீ கெட்டிக்காரி. ஆட்களுக்காகப் பேசினால் நீ தொல்லை. குதிரையின் கால் கெட்டால் டத்தோவுக்கு நஷ்டம், அதனால் அவர் காது கொடுப்பார். சுபியானின் கால் கெட்டால் அவனை அனுப்பிவிட்டு இன்னொருவனை வரவழைப்பார். இது உனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் ஒரு தடவை கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாய். இந்த நாட்டில் நம்மைப் பற்றியும் அப்படித்தான் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டார்கள். தோட்டத்தை விற்றபோது ஆட்களுக்கு வீடு என்று யாரோ ஒருவர் ஒரு தடவை கேட்டிருப்பார். அதிகாரி "பாக்கலாம்" என்றிருப்பார். கேட்டவர் போய்விட்டார். நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குளுவாங்குக்கு வந்தோம். கேட்டவர் நல்லவர்தான், படித்தவர்தான், நம் ஆள்தான். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம், கேட்காதவர்கள் மேல்கூட இல்லை. அந்த ஆளாக நீ ஆகக் கூடாது.

உன் அப்பாவிடம் சொன்னேன். "போற நேரத்துல பிள்ளையோட எதுக்குச் சண்ட? அங்க போயி நல்லா இருக்கட்டும். இது அவ முதலாளி பிரச்சன" என்றார். அவர் நல்ல மனுஷன், பிள்ளை முகம் வாடினால் தாங்காது. ஆனால் களத்தைச் சரித்தது முதலாளி இல்லை. மட்டப்பலகையைப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எறக்குங்க" என்று சொன்னவள் நீ. ஓட்டைக் கொட்டியது நான்தான் என்று நடுவில் போய் நின்றாயே, அந்தப் பிள்ளைதான் என் பிள்ளை. தண்ணீரைச் சரித்ததும் நான்தான் என்று அவள் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தில் நீ நிறையக் களம் கட்டுவாய். நம் ஊர் மழையில் காய்ந்த தரை கொடுத்தவளுக்கு எந்த ஊர்க் குளிரும் பெரிதில்லை. அங்கேயும் உன் தோலைப் பார்த்துவிட்டு உன்னிடம் துடைப்பத்தைக் கொடுக்கிறவன் ஒருவன் இருப்பான். குளம்பைத் தூக்கிக் காட்டு, வாயை மூடிக்கொள்வான். அங்கேயும் கீழே யாராவது குடியிருப்பார்கள். கல் போடும் முன்பு கீழே இறங்கிப் போய்ப் பார். இதற்குமேல் அறிவுரை என்னிடம் இல்லை. உன் தொழிலில் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்தது.

மெர்சிங் பக்கம் மறுபடி கறுத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் மண்வெட்டி ஒன்று இரவல் வாங்கி வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன், நம்முடையதும் பக்கத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் கிடையாது. அந்தக் கார் நிறுத்தும் இடத்தை வெட்டாமல் வாய்க்கால் திரும்பாது. டத்தோவிடம் நீ மறுபடி கேட்டுவிட்டு வெட்டினாலும் சரி, வெட்டிவிட்டுச் சொன்னாலும் சரி. நாலு பேர் காட்டியாவது இந்தக் கடிதத்தை நீ படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் பண்ணைக் கேட்டில் வந்து நிற்பேன். கேட்டைத் திறப்பாயா, மாட்டாயா? அதை மட்டும் சொல்.